ஒப்பீட்டுக்கு விட்ட சவுக்கு

அன்புள்ள பாய்,

எதிர் அடுக்ககத்துக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்கள். சாரம் கட்டுவதற்காகக் காலையில் ஒரு மினி லாரியில் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கின. எல்லாம் புதுக் கட்டை, பட்டைகூட உரியவில்லை. தூறலில் நனைந்ததும் அந்த வாசனை எங்கள் பால்கனி வரைக்கும் ஏறி வந்தது. கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் புளிப்பு. உங்கள் கடையின் வாசனை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். சாத்தியது சரியில்லை என்று தோன்றியது. எழுந்து போய்த் திறந்தேன். என் நாட்கள் இப்படித்தான் போகின்றன, உங்களுக்குத் தெரியாததா.

இரும்புலியூரில் நான் வீடு கட்டியபோது கட்டை வாடகைக்கு எடுக்க உங்களிடம் வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் சுவரில்லாத உங்கள் கடை. நான் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், கட்டை எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றீர்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று சொன்னதும், "அங்கயும் இப்படித்தான் தட்டிப் பாப்பீங்களா?" என்று சிரித்தீர்கள். வீடு முடிந்து கட்டைகளைத் திருப்பிக் கொடுத்த பிறகும் சாயங்காலங்களில் உங்கள் கடைக்கு வருவது நின்றுபோகவில்லை. நான் அதிகம் பேசாதவன். நீங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினீர்கள்.

உங்கள் மகன் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த சமயம் அது. ரோட்டைக் கடக்கும்போது லாரி. அதைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "ஒரு எடம் வரைக்கும் வர முடியுமா சார்?" என்றீர்கள். கபர்ஸ்தானுக்கு அழைத்துப் போனீர்கள். அதற்குமுன் நான் எந்த அடக்கத்தலத்துக்குள்ளும் போனதில்லை. உள்ளே பாதி நிலத்தில் சவுக்கு நின்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி விற்றால் ஜமாத்துக்கு ஒரு வருமானம். இடம் நெருக்கியதால் சவுக்கின் நடுவிலேயே அடக்கம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். உங்கள் மகனின் கபரில் நட்ட மீசான் கல்லும் அங்கேதான் இருந்தது. காலை வைத்தால் அமுங்கும் அளவுக்குச் சவுக்கு ஊசிகள். அடக்கத்தன்று தலைமாட்டில் ஊன்றிய பச்சைக் கொம்பு குச்சியாகி நின்றது. பிறகு நீங்கள் வைத்த மருதாணியும் பக்கத்திலேயே கருகியிருந்தது.

"இவ்ளோ மழ பேஞ்சிருக்கு, ஒரு புல்லு வரல பாருங்க. அந்தாண்ட பழைய கபருங்க மேலெல்லாம் கோரையாவது கீது. என் புள்ள மேல ஒண்ணுமே இல்ல. மண்ணு செத்துடுச்சா சார்?"

சாகவில்லை என்றேன். எனக்குத் தெரிந்ததை மெதுவாகச் சொன்னேன். சவுக்கை ஊசியிலை மரம் என்று பலர் நினைக்கிறார்கள். தாவரவியல் அதை ஒப்புவதில்லை. நாம் ஊசி என்று சொல்வது இலைகூட அல்ல, மெல்லிய கிளை. ஆனால் மலையில் பைன் மரத்தை மட்டும் வளர்த்த இடங்களில் நடப்பதற்கு நெருக்கமான ஒன்றுதான் இங்கும் நடக்கிறது. ஒரே வகைச் சருகு. அது எளிதில் மக்காது. விழுந்தது விழுந்தபடி பாய் மாதிரி மூடிக்கொள்ளும். விழுந்த விதை மண்ணைத் தொடாது, சிறு மழை மண்ணுக்குள் இறங்காது. பல மரங்களைக் கலந்து வைத்தால் பலவகை இலை உதிரும். ஒன்று சீக்கிரம் மக்கும், ஒன்று தாமதமாக மக்கும். புழு வரும், பூஞ்சை வரும். மண் மெல்ல மாறும்.

"எவ்ளோ மெல்ல?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்று நான் சொன்னவற்றில் முழு உண்மை அதுதான்.

ஜமாத் கமிட்டியில் உங்களைக் கேலி செய்தார்கள். "சவுக்கு விக்கிறவரே சவுக்கு வேணாம்னா எப்டி பாய்? நாளைக்குக் கறிக்கடக்காரரு வந்து கறி தின்னாதீங்கன்னுவாரு போலருக்கு." நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். சிரித்தபடியே அவர்களைச் சம்மதிக்க வைத்தீர்கள். சவுக்கை வெட்டிவிட்டுப் புங்கன், வேம்பு, நாவல், பூவரசு, வாகை எல்லாம் கலந்து வைப்பது. சில ஆண்டு கழித்து நான் மண்ணைப் பார்த்துச் சொல்வது. மாறியிருந்தால் மரங்கள் இருக்கட்டும். மாறவில்லை என்றால் மறுபடி சவுக்கு. உங்கள் வார்த்தைக்காக அவர்கள் கொடுத்த தவணை அது.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒரு துண்டு நிலத்தில் சவுக்கு அப்படியே நிற்கவேண்டும். ஒப்பீடு இல்லாமல் எதையும் என்னால் சொல்ல முடியாது. ஓர் ஆண்டு நல்ல மழை பெய்து மண் செழித்தால் அது மரத்தால் வந்ததா மழையால் வந்ததா என்று எப்படித் தெரியும்? நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்தேன். எந்தத் துண்டு என்பதை ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுப் போட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று விளக்கினேன். கமிட்டிக்காரர்கள் முன்னால் நீங்களே ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தீர்கள்.

உங்கள் மகன் இருந்த துண்டு.

"பாய், வேறொன்று எடுப்போம்" என்றேன். நீங்கள் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். வெளியே வந்த பிறகுதான் பேசினீர்கள். "மாத்துனா இன்னா சொல்லுவாங்க தெரியுமா? தன் புள்ளைக்கு நெழல் வேணும்னு நம்ம எல்லாரையும் சேத்து ஏமாத்திட்டான்னுவாங்க. அப்புறம் நீங்க எது சொன்னாலும் எடுபடாது. இருக்கட்டும் சார். எவன் புள்ள மேலயாவது சவுக்கு இருந்துதான் ஆகணும்னா, என் புள்ள மேலயே இருக்கட்டும்."

கன்றுகள் நின்றன. கோடைக்குத் தண்ணீர் லாரி கூப்பிட்டீர்கள். சில ஆண்டுகளில் புங்கன் தலைக்கு மேலே போய்விட்டது. மற்றவர்களின் கபர்கள் மேல் நிழல் விழுந்தது, புல் வந்தது. ஒருநாள் நீங்கள் மகனின் கல்லருகே குந்தி உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்துத் துண்டிலிருந்து காற்றில் வந்த புங்கன் இலைகள். ஒவ்வொன்றாக எடுத்து எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போட்டீர்கள். "நீங்க சொன்னீங்கல்ல சார், அந்தாண்ட எல இந்தாண்ட வரக்கூடாதுன்னு." ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன்.

தை மாதம் வந்தால் இரு பக்கமும் தனித்தனியாக மண் எடுப்போம். கபர்களை விட்டு நடைபாதை ஓரமாகத்தான். சருகை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, பல இடத்து மண்ணைச் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை ஒதுக்கி, மீதியை மறுபடி கலந்து பிரிப்பேன். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பீர்கள். முடிவு வந்ததும் கேட்பீர்கள், "மாறிச்சா?" இன்னும் சொல்ல முடியாது என்பேன்.

அது சாக்குப்போக்கு அல்ல. இரு பக்க மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என் அளவீட்டின் பிழைக்குள் அடங்கிவிட்டது. மாறவில்லை என்று சொன்னால் மரம் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். மாறிவிட்டது என்று சொன்னால் ஒப்பீடு முடிந்து உங்கள் மகன் மேலிருக்கும் சவுக்கு போய்விடும், ஆனால் அது பொய். சொல்ல முடியாது என்ற ஒரு சொல்லில்தான் அந்தக் காடு நின்றுகொண்டிருந்தது. அந்தச் சொல் நீடித்தவரை சவுக்கும் நின்றது. இது உங்களுக்கும் தெரியும். ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், "வேண்டுமானால் மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். "வேணாம் சார். பொய் சொல்லி அவன் மேல செடி வெச்சா, அங்க வந்து நிக்கறப்ப எனக்கே ஒரு மாதிரி இருக்கும்" என்றீர்கள்.

பிறகு உங்கள் நெஞ்சுவலி. குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று உங்கள் மருமகன் தொலைபேசியில் சொன்னார்.

மகனுக்குப் பக்கத்திலேயே இடம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தீர்களாம். எனவே குழி சவுக்குத் துண்டில் வெட்டப்பட்டது. அன்று ஒரு மூதாட்டியும் காலமாகியிருந்தார். அவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், புங்கன் நிழலில். "ஒரே நாள்ல ரெண்டு குழி, முதுகு போச்சு" என்று குழி வெட்டுகிறவர் புலம்பினார். தொழுகை முடிந்து உங்களைத் தூக்கி வர நேரமானது. நான் இரண்டு குழிகளுக்கும் நடுவில் நின்றிருந்தேன்.

என் தொழிலில் மண்ணை முழுதாகப் பார்க்க ஆளுயரக் குழி வெட்டுவோம். சுவரைச் செதுக்கி, அடுக்குகளை மேலிருந்து கீழாகப் பார்ப்போம். கபர்ஸ்தானில் அப்படி வெட்டக் கேட்க எனக்குத் துணிவு இருந்ததில்லை. அங்கே இரண்டு குழிகள் திறந்து கிடந்தன. நான் பார்த்தேன் பாய். உங்கள் குழியின் சுவரில் மேலே ஊசிப் பாய், அதற்கு நேர் கீழே வெளிறிய சிவப்பு, அடிவரைக்கும் சரளை. மூதாட்டியின் குழியில் மேலே ஒரு கறுப்பு வரி இருந்தது. என் சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும். அதில் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன, ஒரு மண்புழு பாதி வெளியே தொங்கியது. அதற்குக் கீழே அங்கேயும் அதே சிவப்பு, அதே சரளை. ஒரு சாண் மண்ணோடு கலந்து கலந்து அந்தச் சுண்டுவிரலை நான் ஒவ்வொரு தையிலும் காணாமல் போக்கியிருந்தேன்.

"இன்னா சார், குழிக்குள்ள இன்னா பாத்துகினு கீறீங்க? தள்ளுங்க, வந்துட்டாங்க" என்றார் குழி வெட்டுகிறவர்.

உங்களை இறக்கினார்கள். பலகை வைத்தார்கள். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். என்னையும் உங்கள் மருமகன் கையைப் பிடித்து முன்னால் அழைத்தார். மண்ணை எடுத்ததும், இத்தனை வருடப் பழக்கம், விரல்கள் தாமாகவே அதை உருட்டிப் பார்த்தன. உருளவில்லை. அப்படியே உதிர்ந்துபோனது. அதைத்தான் உங்கள் மேல் போட்டேன்.

வாசலில் ஜமாத் தலைவர் என்னை நிறுத்தினார். "பெரியவரு போயிட்டாரு. இப்பவாவது ஒரு முடிவா சொல்லுங்க சார். மாறிச்சா, இல்லியா?"

"மேலே மாறியிருக்கிறது. கீழே இன்னும் மாறவில்லை."

"எவ்ளோ மேல?"

விரலைக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இத்தினி வருஷத்துக்கு இவ்ளோதானா?"

"இவ்வளவுதான். ஆனால் இது அந்தச் சவுக்கடியில் இல்லை. இனிமேல் ஒப்பீடு வேண்டாம். அதை வெட்டிவிடுங்கள்."

வெட்டிவிட்டார்கள். மற்ற மரங்கள் இருக்கட்டும் என்று கமிட்டி ஒத்துக்கொண்டது. உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் தலைமாட்டில் ஆளுக்கொரு புங்கன் வைத்தோம். அந்த வெயிலில் இரண்டும் பட்டுப்போயின. மறுபடி வைத்தோம். அதில் உங்களுடையது போய்விட்டது, அவனுடையதில் இரண்டு இலை மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. நிழலும் இல்லாமல், மக்கும் இலையும் இல்லாமல், வெட்டவெளியில் அந்த மண் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சுண்டுவிரல் அகலம் வர எவ்வளவு காலம் ஆனதோ அவ்வளவு காலம் இங்கும் ஆகும். அது என்னிடம் இல்லை. உங்கள் மேல் ஒரு பச்சை நிற்பதை நான் பார்க்கப் போவதில்லை.

போன வாரம் மூன்றாம் முறையாகக் கன்று வைக்கப் போனேன். குழி வெட்டுகிறவர்தான் கடப்பாரை போட்டார். சரளையில் மோதி மோதி அது எகிறியது.

"இது நிக்காது சார். மண்ணுல ஒண்ணுமே இல்ல. பேசாம சவுக்கையே வெச்சிருக்கலாம், அதுதான் இங்க வரும்."

"நிக்கும்" என்றேன்.

அவர் கடப்பாரையை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இன்னா சார், டெஸ்ட்டு பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்டி சொல்றீங்க?"

கன்றை இறக்கி மண்ணைத் தள்ளினேன். என் வாழ்நாளில் ஆதாரமில்லாமல் நான் சொன்ன ஒரே சொல் அதுதான் என்று நினைக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் அதைத் திருத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன். 'நிற்கலாம்', 'நிற்க வாய்ப்பிருக்கிறது'. எதுவும் சரியாக வரவில்லை. சொன்னபடியே வைத்திருக்கிறேன், பாய்.