மூன்றாம் மாடிக் கூடை

ஜூலை 6, திங்கள் காலை

வண்டுவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம்தான் என்று வண்டு சொன்னாள். மூன்று நாளாக ஒரே சட்டையோடு வேலைக்குப் போகிறீர்கள் என்றும் சொன்னாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எதையும் மறைக்கத் தெரியாது, பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் தட்டம்மை. பக்கத்து வகுப்பில் இரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். பள்ளி திறந்திருக்கும், அனுப்புவதும் அனுப்பாததும் பெற்றோர் விருப்பம் என்று தகவல் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும், படித்திருக்க மாட்டீர்கள். விருப்பமாம்! துணிக்கடையில் நீலமா பச்சையா என்று கேட்கிற மாதிரி. வகுப்புக் குழுவில் பாதிப் பேர் அனுப்புகிறோம் என்கிறார்கள், மீதிப் பேர் அவர்களைத் திட்டுகிறார்கள். நான் சனிக்கிழமை முழுக்க இதையே யோசித்துக்கொண்டு கடையில் ஒரு கண்ணாடி லென்ஸைக் கோணலாக வெட்டி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அனுப்ப வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்ச நாள் என் வீட்டிலேயே இருக்கட்டும். பகலில் தங்கை கைக்குழந்தையோடு வீட்டில்தான் இருக்கிறாள், இவளையும் பார்த்துக்கொள்வாள். வியாழன் முதல் ஞாயிறு வரை உங்கள் நாட்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது?

வழக்கம்போல இதை வண்டுவின் பள்ளிப் பையின் வெளி ஜிப்பில் வைக்கிறேன். சாயங்காலம் அவளைப் பள்ளியிலிருந்து என் வாசலுக்குக் கொண்டுவந்து விடும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் வேண்டாம். பேச ஆரம்பித்தால் நம் குரல் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

வண்டுவின் அம்மா


ஜூலை 7, செவ்வாய்

வண்டுவின் அம்மாவுக்கு,

சட்டை ஒன்றல்ல, ஒரே நிறத்தில் மூன்று. கம்பெனி கொடுத்தது. உன் உளவுப் படையிடம் சொல்லிவை.

தகவலைப் படித்தேன், முழுதாகவே படித்தேன். லிஃப்ட் ஒரு தடவை நடுவழியில் நின்றுவிட்டால் போதும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் படியேறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நானே பழுது பார்த்து, நானே ஏறி இறங்கிக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். நீ அந்த ரகம். இரண்டு ஊசியும் போட்ட பிள்ளை அவள். என்ன வந்துவிடப் போகிறது?

கோபத்தில் எழுதிய ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கொஞ்ச நாள்" என்று எழுதியிருக்கிறாய். வீட்டைவிட்டுப் போனபோதும் அதையேதான் சொன்னாய். ஒன்றரை வருஷம் ஆகிறது. என்னிடம் மிச்சமிருப்பது வாரத்தில் அந்த நாலு நாள். அதையும் உன் கொஞ்ச நாளில் சேர்த்துவிடாதே.

அவள் பள்ளிக்குப் போகட்டும்.

வண்டுவின் அப்பா


ஜூலை 8, புதன் மதியம்

வண்டுவின் அப்பாவுக்கு,

இதைப் பள்ளிக் காவலாளியிடம் கொடுத்திருக்கிறேன், வண்டுவின் துணிமணிப் பையோடு. உங்களுக்குப் பதில் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போது அதற்கு நேரமில்லை.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவாளே, ரப்பரை இரண்டாக வெட்டி இவளுக்குப் பாதி கொடுத்தவள், அந்தப் பிள்ளைக்கு நேற்று ராத்திரி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. காலையில் வண்டுவை அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. முந்தாநாள் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஊசி போட்டிருப்பதால் வண்டுவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது என்று டாக்டரம்மா சொன்னார். என் பயம் தங்கையின் குழந்தைக்கு. நாலு மாதம்தான் ஆகிறது, அதற்கு இந்த ஊசி போடுகிற வயதே ஆகவில்லை. நேற்று வண்டு அதை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒட்டியிருந்தாலும் நேற்றைக்குள் குழந்தைக்குப் பரவியிருக்காது, இனிமேல்தான் ஜாக்கிரதை என்றார். அவர் சரி என்று சொல்லும்வரை அவள் என் வீட்டுக்கு வரக்கூடாது, குழந்தையோடு இருக்கிற நானும் அவளை நெருங்கக்கூடாது. இன்று நேராக உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுங்கள்.

பள்ளிக்கும் வேண்டாம். அந்த வகுப்பில் இன்னும் எத்தனை வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதோ. லீவு போட முடியுமா?

நாலு நாளுக்காகச் சண்டை போட்டீர்கள். எல்லா நாளும் உங்களுக்கே வந்துவிட்டது. ராத்திரியில் போர்வையை உதைத்துத் தள்ளுவாள், பார்த்துப் போர்த்திவிடுங்கள். உங்களுக்குத் தெரியாததா. தெரிந்ததையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டுவின் அம்மா


ஜூலை 11, சனி

வண்டுவின் அம்மாவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவர் முகம் எப்போதுமே அப்படித்தான். செவ்வாய்க்கிழமைக் கடிதத்தையும் கிழித்துப் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று நீ கடை முடிந்து வந்து எதிர்ப்புறம் நின்று கையாட்டிவிட்டுப் போன பிறகும், பால்கனிக் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். அதனால் இன்று இருவரும் ஒரு லிஃப்ட் கட்டினோம். பழைய கப்பி ஒன்று கிடந்தது, நைலான் கயிறு, காய்கறிக் கூடை. "இரண்டு கடிதம் அல்லது ஆறு ஆரஞ்சு மட்டும்" என்று வண்டு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். என் உத்தியோகத்தில் இத்தனை கறாரான மேற்பார்வையாளரைப் பார்த்ததில்லை. இந்தக் கடிதம்தான் முதல் பயணி.

பாடமும் நடக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த கழித்தல் கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால், தப்பு என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். விடை சரி, வழி தப்பாம்.

குழந்தை எப்படி இருக்கிறது?

வண்டுவின் அப்பா


ஜூலை 14, செவ்வாய்

வண்டுவின் அப்பாவுக்கு,

குழந்தை ஜோராக இருக்கிறது. பகலெல்லாம் தூங்குவதும் ராத்திரியெல்லாம் கச்சேரி வைப்பதுமாக எங்களைப் படாதபாடு படுத்துகிறது. உங்கள் கொடியில் மூன்று நீலச் சட்டைகள் காய்வதைக் கீழே நின்றே எண்ணிவிட்டேன். சொன்னது உண்மைதான், மன்னிக்கவும்.

ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

சொல்ல நினைத்தது வேறு. கடையிலிருந்து வந்தால் வீட்டில் எனக்கு வேலையே இல்லை. அவள் செருப்பு அதே இடத்தில் கிடக்கிறது, எடுத்து வைக்க மனம் வரவில்லை. தங்கை பேசிக்கொண்டிருக்கிறாள், எதுவும் காதில் ஏறுவதில்லை. திங்கள் முதல் புதன் வரை உங்கள் வீடும் இப்படித்தான் இருக்குமா? இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

வண்டுவின் அம்மா


ஜூலை 17, வெள்ளி

வண்டுவின் அம்மாவுக்கு,

காலையில் ஃபோனில் "காய்ச்சல்" என்று நான் சொன்னதும் நீ "என்னங்க" என்றாய். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த நிமிஷமே இருவரும் கத்த ஆரம்பித்துவிட்டோம், வண்டு காதைப் பொத்திக்கொண்டாள். அதனால்தான் வைத்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

காய்ச்சல் நூறுக்குக் கொஞ்சம் மேலே. தும்மல், மூக்கு ஒழுகல், கண் லேசாகச் சிவந்திருக்கிறது. தடிப்பு இல்லை. கிளினிக்கில் மற்றப் பிள்ளைகள் இருப்பார்கள், கூட்டி வராதீர்கள், சாயங்காலம் நானே வருகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. "ரெண்டாவது ஊசிக்கு நான்தானே கூட்டிட்டுப் போனேன்" என்று கத்தினாய். இல்லை. கூட்டிப்போனது நான். எங்கள் தெருமுனைக் கிளினிக், பள்ளி ஆண்டு விழா முடிந்த வாரம். நீ சொல்வது முதல் ஊசியாக இருக்கும், அவள் நடை பழகிய வயதில் போட்டது. நன்றாக யோசித்துப் பார்.

வண்டுவின் அப்பா


அதே நாள், உங்கள் வீட்டுக்கு எதிரே

வண்டுவின் அப்பாவுக்கு,

யோசித்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி. நல்ல மழை, குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே போனோம். அழாமல் இருந்ததற்கு நர்ஸ் அவள் கையில் பூனைப் படம் ஒட்டினார். குளித்தால் பூனை போய்விடும், குளிக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள். நடை பழகுகிற பிள்ளையா இப்படி அடம் பிடிக்கும்?

ஆனால் நீங்களும் அத்தனை உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். ஊசி அட்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது என் நினைவையே என்னால் நம்ப முடியவில்லை. நான் போட்டது வேறு ஏதாவது ஊசியோ? நீங்கள் போட்டதும் வேறு ஏதாவதோ? நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நானும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நீங்களும் இருந்து, நடுவில் பிள்ளையைக் கோட்டை விட்டிருந்தால்?

பயமாக இருக்கிறது. தங்கையிடம் சொல்லிவிட்டேன், டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை இங்கிருந்து நகர மாட்டேன். கூடையைக் கீழே விடுங்கள்.


ஜூலை 19, ஞாயிறு

வண்டுவின் அம்மாவுக்கு,

தட்டம்மை இல்லை. முதலில் இதை இரண்டு தடவை படித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பால்கனிக்கு வந்து உனக்குக் கையசைத்தாரே, அப்போதே பெரும்பாலும் சளிதான் என்று சொல்லிவிட்டார். இன்று மறுபடியும் வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, ஒரு தடிப்புகூட இல்லை. வெறும் சளி. காலையிலேயே பசி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவளுக்குத் தெரியாமல்.

இனி ஊசிக் கதை. நாம் இருவரும் அடித்துக்கொண்டோமே, போட்டுக்கொண்டவளைக் கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மாதான் கேட்டார். வண்டு சட்டைக் கையைச் சுருட்டி இந்தக் கையையும் காட்டினாள், அந்தக் கையையும் காட்டினாள். பூனைப் படம் அம்மா வீட்டு ஊசி, லாலிபாப் அப்பா வீட்டு ஊசி. இரண்டும் உண்மை. நீ மறந்திருப்பாய் என்று நினைத்து உன்னிடம் சொல்லாமல் நான் கூட்டிப்போயிருக்கிறேன். நீயும் அப்படித்தான் போயிருப்பாய். ஊசி அட்டை அவள் அம்மாவிடம் இருக்கிறது என்று நான் சொன்னதும் கிளினிக்கில் வேறு அட்டை போட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது, அதை எங்கே வைத்தேன் என்பதுதான் நினைவில்லை.

ஒன்று அதிகமானதில் கெடுதல் எதுவும் இல்லையாம். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு வீட்லயும் எனக்கு பிரஷ் இருக்கு, செருப்பு இருக்கு, தலகாணி இருக்கு. ரெண்டு வீடு இருக்கிற பிள்ளைங்களுக்கு ஊசியும் ரெண்டு வாட்டிதான் போடுவாங்கன்னு நினைச்சேன்ப்பா."

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

தட்டம்மை ஒட்டியிருந்தால் வெளியே தெரிய மூன்று வாரம்கூட ஆகுமாம், அதனால் குழந்தைக்காக அதுவரை பொறுக்கச் சொன்னார். ஆகஸ்ட் 2 முதல் அவள் உன் வீட்டுக்கு வரலாம், குழந்தையைத் தூக்கலாம். கூட்டி வருகிறேன்.

வண்டுவின் அப்பா


ஜூலை 20, திங்கள்

வண்டுவின் அப்பாவுக்கு,

சொன்னபடி இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நாலு சுற்று சுற்றினாள். இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இன்று கடையில் ஒரு லென்ஸும் கோணலாகவில்லை.

அந்த ஊசி விஷயத்தில் சிரிக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. அந்தச் சின்னக் கையைப் பிடித்து ஒரே ஊசிக்கு இரண்டு தடவை நீட்டியிருக்கிறோம். ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். "ஊசி போட்டாச்சா" என்று. அதைக் கேட்டால் எங்கே பேச்சு வளர்ந்துவிடுமோ என்று நான் கேட்கவில்லை. நீங்களும் அதனால்தான் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இனி அப்படி வேண்டாம். கத்தினாலும் பரவாயில்லை, கேட்டுவிடலாம். கத்தாமல் கேட்கப் பழகிக்கொள்ளவும் முடியும் என்று நினைக்கிறேன். மெதுவாகத்தான் வரும்.

இரண்டாம் தேதி அவளை வழக்கம்போல வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடாதீர்கள். மேலே வாருங்கள். சாப்பாடு இங்கேதான். அவள் பிரஷை மறக்காமல் எடுத்து வாருங்கள், இங்கே இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒன்று போதும் அவளுக்கு. எங்கே போனாலும் கூடவே போகட்டும்.

வண்டுவின் அம்மா


ஆகஸ்ட் 2, ஞாயிறு
(கதவில் ஒட்டியது)

என்னங்க,

மணி அடிக்க வேண்டாம், குழந்தை இப்போதுதான் தூங்கியது. கதவைத் தாழ் போடவில்லை.