வலது புஜம்

11-1-1988, திங்கள்

மூன்றாவது பீரியட் ஓய்வு. இந்த நோட்டைப் பள்ளி மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் வைக்க முடியாது.

நேற்று ஆராதனைக்குக் கிளம்பும் முன் வழக்கம்போல என் கணவருக்கு அளவு எடுத்தேன். ஞாயிறு தவறாமல் நடப்பது இது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று வலது கையை மடக்குவார். நான் தையல் டேப்பைப் புஜத்தில் சுற்றி அளவைச் சொல்ல வேண்டும். பதினாறு அங்குலம் என்றேன். போன வாரம் பதினாறேகால் என்று சொன்னேனாம்.

"டேப்ப இறுக்கிப் பிடிச்சா கொறயத்தான் செய்யும். வேணும்னே செய்யுத."

"இல்லங்க, நீங்களே பாருங்க."

முதுகில் விழுந்தது. பஞ்சுக் கிட்டங்கியில் மூன்று பேர் சேர்ந்து புரட்டும் பொதியை ஒற்றையாளாகப் புரட்டுகிற கை. நான்கு வருடம் முன்பு மாவட்ட ஆணழகன் கோப்பையை வாங்கிவந்த கை. மறுபடி அளந்து பதினாறேகால் என்று சொல்லிவிட்டேன். கோயிலில் பெஞ்சில் சாய முடியவில்லை.

24-2-1988, புதன்

ஞாயிறன்று செட்டியார்பட்டி ரோட்டில் அவர் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. வலது தோள் தரையில் அடிபட, தலை மறுபக்கம் ஒடிந்தாற்போல் விழுந்தாராம். எலும்பு முறியவில்லை. ஆனால் கை தொங்குகிறது. விரல்கள் அசைகின்றன. தோளைத் தூக்க வரவில்லை, முழங்கையை மடக்க வரவில்லை.

மதுரை டாக்டர் சொன்னது: கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு இழுபட்டிருக்கிறது. அறுந்து போயிருந்தால் வராது. அறாமலிருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து வரும். அதுவரை தசையைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

"யாரு கூட இருந்து பாத்துப்பாங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளையில்லை. "நான்தான்" என்றேன்.

14-3-1988, திங்கள்

திங்களும் புதனும் அரை நாள் விடுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்டராஜ் என்பவர் கரண்ட் வைத்துச் சிகிச்சை செய்கிறார். பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்கிக் கட்டிய கையை என் சேலை முந்தானையால் மூடிக்கொள்கிறார். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதாம்.

வைகுண்டராஜ் ஈரப்பஞ்சு சுற்றிய தகட்டைப் புஜத்தில் வைத்ததும் தசை துள்ளியது. இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அது கரண்டோட வேல சார். ஒங்க வேல இல்ல," என்றார் அவர். பிறகு என்னிடம், "டீச்சர், தெனமும் எண்ணெய் தேச்சு, முழங்கைய மடக்கி நீட்டி விடணும். தோளையும்தான். இல்லேன்னா மூட்டு இறுகிரும். பொறவு, குளிப்பாட்டும்போது உத்துப் பாருங்க. நரம்பு வந்து சேந்துச்சுன்னா தோலுக்கு அடியில புழு நெளியுற மாதிரி ஒரு துடிப்பு வரும். மொதல்ல அதுதான். அத விட்டுறக் கூடாது."

11-4-1988, திங்கள்

பதினான்கு அங்குலம்.

அவர் அளக்கச் சொல்வதில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதும் இல்லை. நானாகத்தான் அளக்கிறேன், எண்ணெய் தேய்க்கிற சாக்கில்.

கல்லூரியில் படித்த விலங்கியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக்குத் தசை பாடம் பத்து வருடமாக நடத்துகிறேன், இதை யோசித்ததே இல்லை. பயில்வானுக்கும் நோஞ்சானுக்கும் தசை இழைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். இருக்கிற இழைதான் தடிக்கிறது. ஒவ்வொரு இழையும் ஒரு நீண்ட செல். அதற்குள் கட்டுகிற வேலையும் இடிக்கிற வேலையும் ஓயாமல் நடக்கின்றன. பளு தூக்கினால் கட்டுவது மிஞ்சும், தசை பருக்கும். நரம்பின் சேதி நின்றுவிட்டால் இடிப்பது மிஞ்சும். வெளியிலிருந்து யாரும் வந்து தின்பதில்லை. செல் தன் புரதத்தைத் தானே பிரித்துப் போட்டுக்கொள்கிறது.

வாசித்து முடித்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, எதிரே இருந்த சுந்தரம்மாள் டீச்சர், "என்ன அன்னாள், நல்ல சேதியா?" என்றாள்.

6-6-1988, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. விடுமுறை முழுக்க ஒரு நாள் விடாமல் மடக்கி நீட்டினேன். பன்னிரண்டேகால்.

ஒன்பது வருடத்தில் இந்த மூன்று மாதம்தான் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். "அன்னா, செத்த நேரம் பக்கத்துல இரி" என்கிறார். பித்தானைப் போட்டுவிடும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். சுருங்கச் சுருங்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கர்த்தர் மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் சரி.

ஆனால் விடாமல் நீட்டி மடக்குகிறேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

20-6-1988, திங்கள்

இன்று கவனித்தேன். இடது கை பருத்திருக்கிறது. குடத்தைத் தூக்குவது, கதவைத் தள்ளுவது, கட்டிலிலிருந்து ஊன்றி எழுவது, எல்லாம் அதுதான். கிட்டங்கிக்கும் போகத் தொடங்கிவிட்டார். கணக்குப் பார்க்கத்தான் சொன்னார்களாம். ஆனால் ஒற்றைக் கையாலேயே சாக்கை இழுத்துப் போட்டுக் காட்டுகிறாராம்.

இதையும் புத்தகத்தில் பார்த்தேன். வேலை எங்கே விழுகிறதோ அங்கே கட்டும்.

8-7-1988, வெள்ளி

இடது கையால் அடித்தான்.

11-7-1988, திங்கள்

வலது காதில் ஓயாமல் இரைச்சல். சவ்வு கிழிந்திருக்கிறது என்கிறார் டாக்டர். எப்படி என்று கேட்டார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

குழம்பில் உப்பு இல்லை. அவ்வளவுதான் காரணம். இடது கை பழகாத கை என்று நினைத்திருந்தேன். அது எப்போது பழகியது? நான்தானே சோற்றைப் பிசைந்து இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துப் பழக்கினேன்.

அடித்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். வருத்தம் என்று நினைத்தேன். இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நிற்கும்போது வருகிற முகம்.

12-9-1988, திங்கள்

நேற்று காலை முதுகு தேய்த்துவிடும்போது பார்த்தேன். முழங்கைக்கு மேலே, தோலுக்கு அடியில், ஒரு புழு நெளிந்தாற்போல. நின்றது. மறுபடி ஒன்று. என் கை தானாகவே நின்றுவிட்டது.

"என்னட்டி, நின்னுட்ட?"

"சோப்பு வழுக்கிருச்சு."

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் திரும்பவில்லை. எப்போதும் திரும்புவதில்லை.

ஆராதனை முழுக்க அதுவே கண்ணில் நின்றது. எவ்வளவு சின்னத் துடிப்பு. கழுத்திலிருந்து நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக, இருநூறு நாள் நடந்து வந்திருக்கிறது.

14-9-1988, புதன்

வைகுண்டராஜ் கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

"ஏதும் துடிப்பு தெரியுதா டீச்சர்?"

"இல்ல சார்."

"நல்லா பாத்தீங்கள்ல?"

"தெனமும் பாக்கேன் சார்."

இவர் பெருமூச்சு விட்டார். அவ்வளவு எளிதாக இருந்தது. நாக்கு குழறவில்லை.

3-10-1988, திங்கள்

சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிட்டோம். நான் நிறுத்தச் சொல்லவில்லை. "இதுக்கு மேல எதுக்கு அலையணும்" என்று அவர்தான் சொன்னார். "ஒங்க இஷ்டம்" என்றேன்.

மடக்கி நீட்டுவதும் இல்லை. வெறும் எண்ணெய். பிறகு மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுகிறேன். கட்டுகிறேன் என்பதை விட, பூட்டுகிறேன்.

2-1-1989, திங்கள்

புது வருட ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தார். "என் கைய கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. ஆனா என் மனைவிய ரெண்டு கையா குடுத்திருக்காரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட எண்ணெய் தேய்க்காம விட்டதில்ல." குரல் உடைந்துவிட்டது. சபையே திரும்பி என்னைப் பார்த்தது. போதகரின் மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதான் காபித் தம்ளரை என் மேல் எறிந்திருந்தார்.

19-4-1989, புதன்

மதுரையில் ஊசி போட்டுத் தசையைச் சோதித்தார்கள். கிட்டங்கி முதலாளி நஷ்டஈடு தருவதற்குச் சான்றிதழ் கேட்டதால் போனோம். இல்லையென்றால் போயிருக்க மாட்டோம்.

டாக்டர் மெஷினைப் பார்த்துவிட்டு மறுபடி ஊசியை நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார்.

"நரம்பு வந்திருக்கே. ஏழெட்டு மாசம் முந்தியே வந்திருக்கும். தோள் மூட்டு இவ்வளவு இறுகிக் கிடக்கு, யாரும் பயிற்சி குடுக்கலையா? துடிச்சது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே. யாரு பாத்துக்கிட்டது?"

"என் பொஞ்சாதிதான். ஒரு நாள் விடாம பாத்தா," என்றார் இவர்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இவர் பார்த்திருக்க வேண்டும்.

பஸ் கல்லுப்பட்டியைத் தாண்டியது. இவர் ஏதோ சொன்னார். அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காது கேட்காததால் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது.

"எப்ப பாத்தன்னு கேட்டேன்."

"செப்டம்பர் பதினொண்ணு. ஞாயித்துக்கெழம."

"தேதியோட வச்சிருக்க."

"ஆமா."

"அம்புட்டு நாளும் எண்ணெய் தேச்சியே அன்னா. ஒன்னால எப்படி முடிஞ்சுச்சு?"

"ஒங்களால எப்படி முடிஞ்சுச்சோ, அப்படித்தான்."

இடது கை மடியில் கிடந்தது. தூக்கவில்லை. பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால்கூட இருக்கலாம். கிருஷ்ணன்கோவிலில் எழுந்து இறங்கிவிட்டார். வத்திராயிருப்பு பஸ் நிற்கிற பக்கமாகப் போனார். கூமாப்பட்டியில் அவர் அக்கா அமிர்தவல்லி இருக்கிறாள். நான் ராஜபாளையம் வந்து, நேரே பள்ளிக்குப் போய் இந்த நோட்டை எடுத்தேன்.

20-4-1989, வியாழன்

நேற்று வந்ததும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். இன்று பழையதைத் தின்றேன்.

12-6-1989, திங்கள்

அமிர்தவல்லி ஆள் விட்டிருந்தாள், அவர் துணிமணிகளை எடுத்துப்போக. எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்தேன். "ஒங்க மதினி ஒங்கள பாவின்னு சொல்லுதாக," என்றான் வந்தவன். "சரி" என்றேன்.

செய்தது பாவம் என்று எனக்குத் தெரியும். ஒரு மனுஷனுடைய கையை ஏழு மாதம் கட்டிப்போட்டேன். அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தே கட்டினேன். ராத்திரி தூக்கம் வருகிறதா? வருகிறது. நன்றாகவே வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

7-8-1989, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைகுண்டராஜைப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கணவர் ஏதும் சொல்லியிருக்கவில்லை.

"சார் வாரத்துக்கு மூணு நாள் வாராரு டீச்சர், கூமாப்பட்டியிலருந்து. நான் இம்புட்டு எதிர்பாக்கல. அழுதுக்கிட்டே செய்யுதாரு, ஆனா விடமாட்டாரு. தோள் நல்லா இளகிருச்சு. முந்தாநாள் முழங்கைய அவரே மடக்கிட்டாரு. இனி வளரும் பாருங்க, வேலை குடுக்கக் குடுக்க வளரும்."

"சந்தோஷம் சார்."

"கிறிஸ்துமசுக்கு முந்தி வீட்டுக்கு வந்திருவேன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. ரெண்டு கையோடயும் வாரேன்னு சொல்லுங்கன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

நானும் சிரித்தேன். என் பஸ் வந்துவிட்டது.

சாயங்காலம் தச்சாசாரி தவசிமுத்துவை வரச்சொல்லி, முன்கதவுக்கு உட்பக்கம் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். "ஒத்தையிலதான இருக்கீங்க டீச்சர், நல்லதுதான்," என்றார். இரும்புச் சட்டம் ஒன்றையும் குறுக்கே வைக்க முடியுமா என்று கேட்டேன். நாளைக்கு வருகிறார்.