மூன்றாவது எலும்பு

மார்சிலிங்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும்

அன்புள்ள மகள் ரோஷினிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். உன் சுகம்தான் எங்களுக்குத் தெரியவில்லை, போன் எடுத்தால்தானே தெரியும். கடைசியாக ஒரு தடவை எடுத்தாய், ஆபரேஷனை கேன்சல் பண்ணிட்டேன்மா, எனக்குச் சுகமாயிருச்சு, தீர்க்கதரிசி ஐயா சொல்லிட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள், சந்தேகக் குரல்களை விட்டுக் கொஞ்ச நாள் விலகியிருக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பெற்றவள் குரல் சந்தேகக் குரலாம்! பெர்த்தில் உட்கார்ந்துகொண்டு, நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஆளின் பேச்சைக் கேட்டு அம்மாவின் போனை எடுக்காத மகளை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று அவர் இன்னும் சொல்லவில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், முழுக்கப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டே இருக்கிறார். நம் பிளாக்கில் லிப்ட் மறுபடி ரிப்பேர், மாடி ஏறி இறங்கி என் முழங்கால் போய்விட்டது. எதிர்வீட்டு ஹலீமா தினமும் கதவைத் தட்டி, ரோஷினிக்கு ஆபரேஷன் என்னைக்கு என்று கேட்கிறாள், நான் என்னத்தைச் சொல்ல? கர்ப்பப்பையில் கட்டி, ரத்தம் போய்ப்போய் உடம்பே வெளுத்து ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தாய், தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இவ்வளவும் அவளுக்குத் தெரியும். பெண்ணுக்குப் பெண் என்று மனம்விட்டுச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துவா கேட்கிறாள். ஆனால் நம் சபையில் இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இது ஒருவருக்கும் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

நாம் எப்படி ஜெபக்குறிப்பு சொல்வோம் என்று உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை செங்காங்கில் சேவியர் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம், ஆண்கள் சோபாவில், பெண்கள் கீழே பாயில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லவேண்டும். அங்கே எந்தப் பெண் கர்ப்பப்பை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள்? மாத வலி என்றால் தலைவலி என்போம், மார்பில் கட்டி என்றால் தோள்பட்டை என்போம், கர்த்தருக்குப் புரியும் என்று விட்டுவிடுவோம். நானும் எழுந்து, பெர்த்தில் இருக்கிற என் மகளுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை, ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். சேவியர் அண்ணன் சும்மா இருப்பாரா, "எந்த இடத்துல சிஸ்டர்? குறிப்பா சொன்னாத்தானே குறிப்பா ஜெபிக்கலாம்" என்றார். எனக்கு வாயில் வந்தது, கீழேயிருந்து மூன்றாவது எலும்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன், அத்தோடு அதை மறந்தும்விட்டேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போனை வைத்த கையோடு, அவர் உனக்குச் சொன்ன தீர்க்கதரிசனத்தின் ஒலிப்பதிவை அனுப்பினாயே, அதைத் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நிற்கும்போது காதில் மாட்டிக் கேட்டேன். புது சீசன், புது சீசன் என்று முழங்கினார், கத்தியின் காலம் முடிந்தது, விசுவாசத்தின் காலம் பிறந்தது என்றார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தி, மகளே, கர்த்தர் உன் முதுகுத்தண்டைக் காட்டுகிறார், கீழேயிருந்து மூன்றாவது எலும்பு, அதைத் தொடுகிறார், இனி ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் என்றார் பார், காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். மீன்காரர், "அக்கா, கொடுவாயை வெட்டணுமா வேணாமா லா" என்று கத்துகிறார், நான் மீனையும் வாங்கவில்லை, ஒன்றையும் வாங்கவில்லை, வெறும் பையோடு வீடு வந்து சேர்ந்தேன். ரோஷினி, அது நான் சொன்ன எலும்பு! நாலு ஆம்பிளைகள் முன்னால் வெட்கப்பட்டு நானே கட்டிச் சொன்ன எலும்பு! நீயோ நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலிக்கிறவள், டாக்டருக்கே தெரியாத ஆணிவேரைக் கர்த்தர் காட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாய். உன்னை என் வயிற்றில் வைத்து உருவாக்கினவருக்குக் கர்ப்பப்பை எது, முதுகெலும்பு எது என்று தெரியாதா? மூன்றாவது எலும்பு நம் ஜெபக்கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அது எப்படி அவரிடம் போனது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவருடைய ஜூம் கூட்டத்துக்கு உனக்கு லிங்க் கொடுத்தது நம் உமாமகேஸ்வரிதானே, போன ஈஸ்டருக்கு நம் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள், அன்றைக்கு ஜெபக்கூட்டத்தில் பாயில் என் பக்கத்தில் இருந்தவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயோ சிஸ்டர், ஜெபத்துக்குத்தான் கொடுத்தேன், அவங்க பிரேயர் லைனுக்கு போன் போட்டு உங்க பொண்ணு பேரு, ஊரு, முதுகெலும்பு எல்லாம் சொன்னேன், நல்லதுதானே லா" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவள் புதுசு. திட்டவேண்டியது உன்னைத்தான். நீ ஞாயிறு பள்ளியிலேயே வளர்ந்தவள், வசனப் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை வாங்கினவள். வருகிற குரலையெல்லாம் நம்பாதே, சோதித்துப் பார் என்று மேடையில் நின்று மழலையில் ஒப்பித்தாயே, அது கோப்பைக்கு மட்டும்தானா?

அந்த ஒலிப்பதிவோடு, எனக்கு விசுவாசம் இல்லை என்று வேறு எழுதியிருந்தாய், நீங்க இன்னும் பழைய சீசன்லயே நிக்கிறீங்க என்றாய். அது என்னை எவ்வளவு குத்தியது தெரியுமா? அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரி நடையில் முழங்காலில் நின்றவள் நான். கர்த்தர் குணமாக்கினார், டாக்டர் கையைக்கொண்டு குணமாக்கினார், அந்த டாக்டருக்காகவும் இன்றுவரை ஜெபிக்கிறேன். கத்தி இல்லாமலும் அவரால் முடியும், நான் இல்லையென்று சொல்லவில்லை. அப்படிச் செய்திருந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடும், போய் எடுத்துப் பார், கட்டி இல்லையென்றால் நானே சபையில் எழுந்து சாட்சி சொல்கிறேன். ஸ்கேன் எடுக்காதே, டாக்டரிடம் போகாதே, அம்மாவிடம் பேசாதே என்று ஒரு பெண்ணைத் தனியாகப் பிரித்துவைக்கிற குரல் மேய்ப்பனுடைய குரலா? புது சீசனாம் சீசன். எனக்குத் தெரிந்ததெல்லாம் டுரியான் சீசன்தான், அதுகூட வந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

இந்த வெள்ளிக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெபக்குறிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். போன தடவை நான் சொன்னது உண்மையில்லை, என் மகளுக்கு முதுகில் ஒன்றுமில்லை, கர்ப்பப்பையில் கட்டி, ரத்தம் நிற்காமல் போகிறது, ஆபரேஷன் செய்துகொள்ள மாட்டேன் என்கிறாள், அவள் சம்மதிக்கும்படி ஜெபியுங்கள் என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சேவியர் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி எழுந்தாள். தான் இவ்வளவு நாளாக இடுப்புவலி, இடுப்புவலி என்று ஜெபிக்கச் சொன்னது இடுப்புவலி இல்லை என்றாள். அவர் அப்படியே அவளைப் பார்த்தார், அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. நாளைக் காலையில் அவளை நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். யார் வீட்டுப் பெண்ணையோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன், நான் பெற்றதைக் கூட்டிக்கொண்டு போகமுடியவில்லை.

கர்த்தர் உன் உடம்பையும் புத்தியையும் சேர்த்தே காக்கட்டும், என் செல்லமே. அப்பாவும் உன் தலையில் கைவைத்து ஜெபித்ததாக எழுதச் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே போடு. இதைப் படித்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேறு தேதி கேள், எனக்கு அப்புறம் பண்ணலாம். அதற்கும் மனம் வரவில்லையென்றால், அந்த ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேள், மூன்றாவது எலும்பு என்று அவருக்கு யார் சொன்னது என்று. கர்த்தர் சொன்னார் என்பார். இல்லை ஐயா, எங்க அம்மா சொன்னது என்று சொல்.

கோபம் தீராத, உன் குரலுக்காகக் காத்திருக்கிற
உன் அம்மா,
ஜெயராணி பிரபாகர்