கிழக்கு வாசல் சாய்ந்த கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

"பாடப்புத்தகத்தில் வரும் பழைய நகரத்தில் என் பிள்ளைக்கு வேலை" என்று தெரு முழுக்கச் சொல்லிவருகிறீர்களாம், தங்கை எழுதியிருந்தாள். பொய்யில்லை. ஆனால் அந்த நகரம் இங்கே அருங்காட்சியகத்தில், ஒரு பெரிய மேசைமேல், மண்ணால் செய்த மாதிரியாக இருக்கிறது. தினமும் காலையில் அதற்குத் தூசி தட்டுகிறவன் நான்.

போன வாரம் என் முழங்கை பட்டுக் கிழக்கு வாசல் சாய்ந்துவிட்டது. கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை. மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார்.

"எத்தனை ராஜா படையோட வந்து மோதியும் அசையாத வாசல்னு புலவருங்க பாடி வெச்சிருக்காங்க. நீ ஒத்த ஆளா சாய்ச்சிட்டியேப்பா!"

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாசலை ஒட்டி முடித்தபின் ஒரு மனிதன் மிஞ்சிவிட்டான். நெல்மணி அளவு இருப்பான், தலையில் மூட்டை. வாசலிலேயே நின்றவன்.

"இவன் ஊருக்குள்ள வர்றவனா, ஊர விட்டுப் போறவனா?" என்று கேட்டேன்.

"யாரு பாத்தா? எப்படியோ ஒட்டு" என்றார்.

தினமும் துடைத்த எனக்கே நினைவில்லை.

பீரோவில் இருக்கும் என் கம்பளிச் சட்டையை அனுப்பிவையுங்கள். வாசலில் கிடக்கும் என் பழைய செருப்பை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், கிடக்கட்டும்.

மணி அடித்துவிட்டது, கதவு திறக்கப் போக வேண்டும். அந்த மூட்டைக்காரனை ஊருக்குள் வருகிறவனாகவே ஒட்டிவிட்டேன்.

உங்கள் மகன்