சங்கும் செத்த நேரமும் இல்லாத நம்ம பாட்டு

என் உயிர் மாப்ளே முருகேசா,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம்ம பாட்டு கேசட்டாக வந்துவிட்டது. ஏ பக்கம் பாட்டு, பி பக்கம் பாட்டில்லாமல் வெறும் மியூசிக். ஒத்தைப் பாட்டுக்கு ஒரு கேசட்டா என்று கடைக்காரர்களே சிரிக்கிறார்கள். ஆனாலும் போடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளுக்கு நடுவில் ஒரு கேசட் கடை இருக்கிறதே, அங்கே காலையில் பத்தி கொளுத்தி சாமி பாட்டு முடிந்ததும் அடுத்தது என் குரல்தான்.

அட்டையில் என் படம். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நாற்பத்தைந்து வயசில் கண்ணுக்கு மை, தலைக்கு டை, அதே பழைய ஜிகினா கோட்டு. கோட்டு பத்தவில்லை. இரண்டு விலாவிலும் பிரித்து ஒட்டுத்துணி வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. போட்டோ எடுத்தவர் "அண்ணே தொப்பை, தொப்பை" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். ஆனால் எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்ளே. மேடைக்கூச்சம் என்று நினைத்துவிடாதே, அது எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? இது உன் போட்டோவுக்கு நேரே நிற்க முடியாத வெட்கம். உன்னிடம் மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போனால் நான் தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் ஊரே படிக்கட்டும் என்று திருவிழா மலருக்கு எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் அல்லவா, அவர்களுக்காக நாலு வார்த்தை. எண்பதுகளில் ராஜபாளையத்தில் எத்தனையோ மெல்லிசைக் குழு இருந்தது. எல்லாரும் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். நம் செட்டு மட்டும் சொந்தப் பாட்டும் பாடியது. நான் ஜிகினா கோட்டும், டயரை வெட்டி அடியில் ஒட்டிய அரை அடி உயர பூட்ஸும், உதட்டுச் சாயமுமாக ஆடிப் பாடுவேன். நீ பின்னால் கிடார். பகலில் நீ நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தாய். என் தங்கை கனகுவைக் கட்டி எனக்கு மாப்பிள்ளையும் ஆனாய்.

கனகுதான் அந்தக் கோட்டைத் தைத்தாள். வெளியே ஜிகினா, உள்ளே வியர்வை இழுக்க நம்மூர்த் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி. சோற்றில், பாயில், உன் மீசையில் எல்லாம் ஜிகினா ஒட்டிக்கிடக்கும். "மில்லுக்குப் போற மனுசன் மூஞ்சிய பாரு, ராசபார்ட்டு கணக்கா மினுங்குதாவ" என்று அவள் உன்னைக் கேலி செய்வாள். நீ துடைக்காமலேயே ஷிப்டுக்குப் போவாய்.

பாட்டும் அவளிடமிருந்துதான் வந்தது. ஒரு நாள் மத்தியானம் நீ சைக்கிளை எடுக்கும்போது, "செத்த நேரம் இருந்துட்டுப் போனா என்னவாம்? இன்னும் சங்கே ஊதலியே" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து வரும்போது உன் சட்டைப் பையில் பாட்டு இருந்தது.

செத்த நேரம் இருந்துட்டுப் போ
சங்கு ஊதட்டும் இருந்துட்டுப் போ

நம் பக்கத்தில் செத்த நேரம் என்றால் ஒரு சின்னப் பொழுது. சங்கு என்றால் ஷிப்டுக்கு ஊதுகிற மில் சங்கு. இதை யாருக்காவது விளக்க வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. வன்னியம்பட்டியில் பாடினோம், கூமாப்பட்டியில் பாடினோம், ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைத் தூசி படிந்த தலையோடு வந்து நின்ற ஜனங்கள் மூன்று தடவை திருப்பிப் பாடச் சொன்னார்கள். நான் "செத்த நேரம்" என்று நிறுத்தினால் கூட்டமே "இருந்துட்டுப் போ" என்று எடுக்கும். எம்புட்டுச் சத்தம்! அப்போதெல்லாம் நான் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாய்.

பிறகு மெட்ராஸ். கேசட் போடுகிறேன் என்று கூப்பிட்டவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டது உனக்கு மறந்திருக்காது.

"என்னங்க, முதல் வரியிலேயே செத்தங்கறீங்க, ரெண்டாவது வரியில சங்கு ஊதறீங்க. இது காதல் பாட்டா, எழவுப் பாட்டா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீ பொறுமையாகத்தான் சொன்னாய்: "சார், எங்க ஊர்ல செத்த நேரம்னா கொஞ்ச நேரம். சங்குன்னா மில்லு சங்கு." அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "பட்டிக்காட்டு வார்த்தை சார், மாத்திருவோம்" என்றேன்.

நீ கிடாரை உறையில் போட்டாய். "மாத்துனா நான் வாசிக்க மாட்டேன்லே" என்று மட்டும் சொன்னாய். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் நாம் பேசவில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்காகப் பேசவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்தவன் மாப்பிள்ளைதான் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். உன் காதுக்கும் வந்திருக்கும். செட்டு கலைந்தது. வேறு குழுவில் வெள்ளைச் சட்டை போட்டு சினிமாப் பாட்டுப் பாடிப் பிழைத்தேன். நீ மில்லோடு இருந்துகொண்டாய்.

இனிமேல் எழுதப்போவது கனகுவுக்குக்கூடத் தெரியாது.

நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் மத்தியானம் பார்க்க வந்தேனே, அந்த நாள். கனகு வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். உனக்கு மூச்சு இரைத்தது. எனக்கு சாத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. ரொட்டிப் பொட்டலத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "வாரேன் மாப்ளே" என்றேன்.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "செத்த நேரம் இருந்துட்டுப் போலே" என்றாய்.

அத்தனை வருஷக் கோபமும் அந்த நேரம் பார்த்தா என் நாக்கில் வந்து உட்கார வேண்டும்? "கொஞ்ச நேரம்னு சொல்லு, இருக்கேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னது என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். வேடிக்கை இல்லை. குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். நீ என் கையை விட்டுவிட்டு, "சரி, பஸ்ஸு போயிரும், கெளம்பு" என்றாய். நான் கிளம்பினேன். மறுநாள் காலை சேதி வந்தது.

நீ சொல்லியிருந்தால், அந்த ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால், நான் இருந்திருப்பேனா? அதுவும் எனக்குத் தெரியவில்லை மாப்ளே.

இத்தனைக்குப் பிறகாவது எனக்கு புத்தி வந்திருக்க வேண்டாமா? இப்போது மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி, பழைய ஜிகினாப் பாட்டுக்காரர் மறுபடி பாடினால் கேட்பார்கள் என்று கூப்பிட்டது. உன் பாட்டைப் பாடுகிறேன் என்றேன். மைக் முன்னால் நின்றேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நானாகவே மாற்றினேன்.

கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ
மணி அடிக்கட்டும் இருந்துட்டுப் போ

ரெக்கார்டிங் பார்த்தவர் ஆலங்குளத்துக்காரர். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏண்ணே, செத்த நேரம்னுதானே பாடுவீய? சின்னதுல கேட்டுருக்கேனே" என்றார். "அது அப்ப" என்றேன். நீ போன துக்கத்தில் அந்த வார்த்தை தொண்டையில் அடைத்தது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். நெசம் அது இல்லை. கோயம்புத்தூரில், மெட்ராஸில் எவனாவது மறுபடி சிரித்துவிடுவானோ என்று பயம். செத்துப்போன உன்னைவிட முகம் தெரியாத அந்த ஆட்கள் எனக்குப் பெரிசாகிப் போனார்கள். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

அட்டையில் 'பாடல், இசை: முருகேசன்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். அதைக் காட்டினால் கனகு குளிர்ந்துபோவாள் என்று நினைத்து, கேசட்டும் பழமுமாக உன் வீட்டுக்குப் போனேன். முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் டேப்பை அவளே நிறுத்தினாள்.

"நல்லாத்தாம்ணே பாடியிருக்க. நம்ம மில்லுல எப்பண்ணே மணி அடிச்சாவ?"

அட்டையை எடுத்து உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது அவிய பாட்டு இல்லண்ணே. அடுத்த தடவை அச்சடிக்கும்போது அவிய பேரை எடுத்துரு."

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் சத்தமே போடவில்லை. "காப்பி குடிக்கியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் பெயரைக் கொடுத்து உன் வார்த்தையை எடுத்துக்கொண்டவனுக்கு அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். குடிக்காமல் எழுந்து வரக்கூட எனக்கு ரோஷம் இல்லை.

மாப்ளே, ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கச்சேரி பேசியிருக்கிறார்கள். அங்கே நீ எழுதியது எழுதியபடி பாடுவேன், செத்த நேரமும் சங்குமாக. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். நீ எழுதியபடி என்னைத் திரும்பப் பாடிப் பதிய விட்டால் உன் பெயர் இருக்கட்டும், விடாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று. ஆனால் இதெல்லாம் சுலபமான வேலை. மேடையில் எதையும் செய்துவிடுவேன் நான்.

கஷ்டமானது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைக் கனகு அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்தக் கடிதத்தை மலருக்குக் கொடுப்பதற்கு முன்னால், நாளைக் காலையில் அவள் வீட்டுக்குப் போய், அவள் எதிரில் உட்கார்ந்து, நானே வாசித்துக் காட்டப் போகிறேன். என்ன சொல்வாளோ தெரியாது. திட்டலாம், அழலாம், இனிமேல் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வாசலை மிதிக்காதே என்றும் சொல்லலாம். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன். இது சத்தியம் மாப்ளே: அவளாகப் போகச் சொல்கிறவரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

நீ பெண் எடுத்த வீட்டுக்காரன்,
உன்னை விட்டுவிட்டு பஸ் ஏறிய மச்சான்,
சௌந்தரம்