திரைக்குப் பின்னால் அவள் சொன்னது

என் ஆமினாவுக்கு,

நீ மண்ணுக்குள், கபுருக்குள் போய் நான்கு வருடமாகிறது. இத்தனை நாள் துஆவில் மட்டும்தான் உன்னிடம் பேசினேன். இன்று எழுதுகிறேன். என் குரலே இப்போது என் காதில் விழுவதில்லை. கத்துகிறேனா முணுமுணுக்கிறேனா என்று தெரியாமல் பேசுவதைவிட இது மேல்.

என் வலது காது சின்ன வயதிலேயே சீழ் வடிந்து கெட்டுப்போனது உனக்குத் தெரியும். அதனால்தான் நடந்தாலும் உட்கார்ந்தாலும் நீ என் இடப்பக்கமே இருந்தாய். அந்த இடது காதும் போய்விட்டது. போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, கண்டிக் கடையைத் திறந்து புதிதாக வந்த பீங்கான்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, வழக்கம்போல ஒவ்வொன்றாக விரலால் சுண்டினேன். நல்லது கணீரென்னும், கீறல் விழுந்தது மொத்தென்று சொல்லும். அன்று எந்தப் பீங்கானும் ஒன்றும் சொல்லவில்லை. காதுக்குள் மட்டும் ஒரு சில்வண்டு கத்தத் தொடங்கியிருந்தது.

அந்த வண்டு இன்றுவரை ஓயவில்லை. சோறு தின்றாலும் தொழுதாலும் கூடவே இருக்கிறது. பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதினார், காதில் காற்றுப் பட்டதுதான் மிச்சம். கண்டி டொக்டர் நரம்பு செத்துவிட்டது என்று ஒரு காகிதத் துண்டில் எழுதித் தந்தார். இங்கே இப்போது பேசும் படம் வந்திருக்கிறதாம், சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எனக்கு ஊரே ஊமைப்படம்.

டொக்டரின் துண்டை நான் யாருக்கும் காட்டவில்லை. செவிட்டு முதலாளி என்று தெரிந்தால் யார்தான் ஏய்க்கமாட்டான்? அதைவிடப் பெரிய பயம் உன் கூடப்பிறந்த மூத்தவர், உன் நானா. நான் கொஞ்சம் தளர்ந்தால் போதும், கடைச் சாவிக்கு அவர் கை நீளும். ஆகவே தலையாட்டப் பழகினேன். எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரித்தேன், அவர் முகம் சுருங்கினால் உச்சுக்கொட்டினேன். பள்ளிவாசலில், நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவிலிருந்து எப்போது எழும்புவது என்று தெரியாமல், பக்கத்து ஆளின் முழங்காலை ஓரக்கண்ணால் பார்த்துத் தொழுதேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் பெரிய கெட்டிக்காரன்தான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நம் மகள் ரஹீமாவுக்கும் தெரியவில்லை. உன்னைப் போலவே மெல்லப் பேசுகிறவள். நீ போனபின் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. நான் விடிந்தால் கடைக்குப் போவேன், இருட்டினால் மடவளை வீட்டுக்குத் திரும்புவேன். அவள் சோற்றை வைப்பாள், நான் தலையாட்டுவேன்.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்குக் கலியாணம் பேசினேன். மாப்பிள்ளையை உன் நானா கொண்டுவந்தார். கலகெதரவில் மிளகு வியாபாரம், பெரிய வீடு. நானா நெடுநேரம் பேசினார். உதட்டைப் பார்த்துப் பாதிதான் விளங்கியது, தலையாட்டினேன். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், ரஹீமாவைவிட மூத்த மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த விளங்காத பாதியில் இருந்திருக்க வேண்டும். கலியாண வாசலுக்கு அவர்கள் வந்து இறங்கியபோதுதான் கண்ணால் கண்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. சபை கூடிவிட்டதே!

நிக்காஹ்வுக்கு முன் பெண்ணின் சம்மதத்தை எடுத்து வரும்படி லெப்பை சைகை காட்டினார். கன்னிப்பெண் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்பது நமக்கெல்லாம் தெரிந்த முறைதானே. மாப்பிள்ளையைக் கண்டபின் என் மனமும் சரியாக இல்லை. பிள்ளை பயப்படாமல் மனதிலுள்ளதைச் சொல்லட்டும் என்று, அறையில் இருந்த பெண்களையெல்லாம் வெளியே அனுப்பினேன். எவ்வளவு நியாயமான தகப்பன், பார்த்தாயா! திரைச்சீலையை இழுத்துவிட்டு, "ஒனக்குச் சம்மதமா மகள்?" என்று கேட்டேன்.

அவள் முக்காட்டுக்குள் குனிந்திருந்தாள். உதடு தெரியவில்லை. எனக்குள் வண்டுதான் கத்திக்கொண்டிருந்தது. பத்து எண்ணுகிற நேரம் நின்றேன். தோள் குலுங்கியது. எந்த மணப்பெண்தான் அழவில்லை? தலையில் கையை வைத்து துஆக் கேட்டுவிட்டு, வெளியே வந்து, சம்மதம் என்று சபைக்குச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள் போலும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். திரும்பி, என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சிலேட்டை எடுத்து வந்தாள். நீ அவளுக்கு அரபு எழுத்தில் தமிழ் எழுதப் பழக்கிய அதே சிலேட்டு, ஆமினா. அதைக் கலகெதரவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

"வாப்பா, காது எப்ப போன?" என்று எழுதினாள். கலியாணத்துக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி என்றேன். பிறகு அழித்துவிட்டு, மெதுவாக எழுதினாள்.

"நான் வேணாமெண்டு சென்னேன் வாப்பா. ரெண்டு தரம் சென்னேன். ஒங்கட காதுல விழுந்தும் நீங்க போனீங்கெண்டுதான் நெனச்சிட்டு இருந்தேன்."

அந்த மூன்று மாதமும் அவள் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டில் பானை கழுவியிருப்பாள்? அவள் அழுதால் மருமகன் சொல்வது ஒன்றுதானாம், உன் வாப்பா உன்னிடம் சம்மதம் எடுத்துத்தானே தந்தார் என்று.

நேரே உன் நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினார், பிறகு முகத்துக்கு நேரே வந்து கத்தியதை உதட்டில் படித்தேன். "முடிஞ்ச கலியாணத்தக் கிளறாதீங்க மச்சான். குடும்பத்துக்குத்தான் கேவலம்." அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகையில் பள்ளியில் எழும்பி நின்று, நான் செவிடன், என் பிள்ளை மறுத்தது என் காதில் விழவில்லை என்று நானே சொன்னேன். எல்லாருடைய வாயும் ஒரே நேரத்தில் அசைந்தது. என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கடைச் சாவி இப்போது உன் நானாவின் இடுப்பில் இருக்கிறது. அவரே வைத்துக்கொள்ளட்டும். இதைத்தானே காப்பாற்றப் பார்த்தேன் என்று நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மறுபடியும் கலகெதரவுக்குப் போனேன். சிலேட்டை அவள் மடியில் வைத்தேன். "வீட்ட வாறியா மகள்? வாறெண்டா இப்பயே கூட்டிட்டுப் போறேன்." எவ்வளவு உரக்கச் சொன்னேனோ, மருமகன் வாசலில் வந்து நின்றார். ரஹீமா குச்சியை எடுத்தாள். கொஞ்சநேரம் விரலில் வைத்திருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. பயமா, கோபமா, என்மேல் இருந்த நம்பிக்கை செத்துவிட்டதா?

அதே குனிந்த தலை, ஆமினா. அன்று அதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனவன் நான். இந்த முறை போகவில்லை. மருமகன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். செவிடனை எப்படித் துரத்துவது? பொழுது சாய்ந்து மஃரிப் ஆகும் வரைக்கும் அவள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சிலேட்டு வெறுமையாகவே இருந்தது.

வருகிற வெள்ளியும் போவேன். அதற்கடுத்த வெள்ளியும் போவேன். அவள் என்னைத் திட்டி எழுதினாலும் சரி, வாசித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வாறேன் என்று எழுதினால் யார் குறுக்கே நின்றாலும் கூட்டி வருவேன். ஆனால் அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று இனி என் வாயால் எவருக்கும் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னமும் அவளுடைய வாப்பா