பூ என்ன செய்தது

பெரியவனின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நான் பெருக்கும் பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். மதிப்பெண் கிடையாது. மனசு அடங்கி, அடுத்த பாடத்தில் கவனம் நிற்க வேண்டுமாம். பென்சில் சீவிக் கொடுப்பது நான். நேற்று டீச்சர் எனக்கும் ஒரு பூப்படம் கொடுத்தார்.

“மனசுல எதையும் வச்சுக்காம கலரை மட்டும் பாருங்கம்மா,” என்றார்.

காலையில்தான் உங்கள் கடிதம் வந்திருந்தது. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அவள் தம்பிக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டீர்களாம். நான் அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்துவிட்டது.

பக்கத்துச் சிறுமி கேட்டாள்: “ஆயாம்மா, பூ உங்கள என்ன பண்ணுச்சு?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அவளுக்கும் நம் பேத்தியின் வயதுதான்.

என்னையும் இப்படித்தான் தங்கைக்குத் தொட்டில் ஆட்ட நிறுத்தினார்கள். “அடுத்த வருஷம் போகலாம்டி,” என்றார் அப்பா. அந்த வருஷம் இன்னும் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அவரை மன்னிக்கவில்லை. உங்களையும் மன்னிக்க மாட்டேன். இவ்வளவு தூரம் வந்து நான் பெருக்குவது அவள் படிப்புக்காகத்தான்.

இங்கே குளிர் அதிகம். போர்த்திக்கொள்ள என் பழைய நூல்சேலை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசம் போய்விடும்; கொடியில் கிடக்கிறபடியே அனுப்புங்கள்.

நாளைக்கே அவளைக் கொண்டுபோய் வகுப்பில் விடுங்கள். அன்று என்ன பாடம் நடந்தது என்று அவளே எனக்கு எழுதட்டும். வேறு யார் கையெழுத்தில் வந்தாலும் நான் உறையைப் பிரிக்க மாட்டேன்.

மணி அடித்துவிட்டது. போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி